லினக்ஸில் கிராபிக்ஸ் கார்டு வழியாக வீடியோ என்கோடிங்: மதுரை ஸ்டூடியோக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, ஜல்லிக்கட்டு என்று மதுரை வட்டாரத்தில் வீடியோ எடுத்துத் தொகுப்பவர்களில் லினக்ஸுக்கு மாறியவர்கள், மாற நினைப்பவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஃபெடோராவில் மாறுபடும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கார்டு என்கோடிங் செய்கிறது என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது?

வீடியோவைச் சுருக்கி ஹெச்264, ஹெச்இவிசி, ஏவி1 போன்ற வடிவத்துக்கு மாற்றுவதுதான் என்கோடிங். வழக்கமாக இந்த வேலையைக் கணினியின் செயலி செய்யும். கிராபிக்ஸ் சில்லுக்குள் இதற்கென்றே தனி மின்சுற்று ஒன்று உண்டு. இன்டெல் 2011இல் சாண்டி பிரிட்ஜ் செயலிகளோடு இதைக் கொண்டுவந்து ‘குவிக் சிங்க்’ என்று பெயரிட்டது. என்விடியாவின் ‘என்வென்க்’ 2012இல் கெப்ளர் கார்டுகளோடு வந்தது. ஏஎம்டி முதலில் ‘விசிஇ’ என்ற சுற்றை வைத்திருந்தது. ரேவன் ரிட்ஜ் சில்லு முதல் அதன் இடத்தை ‘விசிஎன்’ எடுத்துக்கொண்டது.

விளையாட்டுகளுக்குப் படம் வரையும் பகுதி வேறு, இந்தச் சுற்று வேறு. அதனால்தான் ஒரே தலைமுறையைச் சேர்ந்த விலை குறைந்த கார்டும் விலை உயர்ந்த கார்டும் என்கோடிங் தரத்தில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. என்கோடிங் ஒன்றுக்காக மட்டும் கார்டு வாங்குகிறவர் விலைப் பட்டியலின் மேல்வரிசைக்குப் போக வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் யாரும் சொல்வதில்லை.

என் கணினியில் அந்தச் சுற்று இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கார்டு வாங்கக் கிளம்பும்முன் இதைப் பாருங்கள். பல ஸ்டூடியோ கணினிகளில் உள்ள இன்டெல் செயலியிலேயே குவிக் சிங்க் சும்மா கிடக்கிறது. செயலியின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் மட்டும் அதில் கிராபிக்ஸ் பகுதி இல்லை, ஆகவே குவிக் சிங்க்கும் இல்லை. தனிக் கார்டு பொருத்திய கணினிகளில் பயாஸ் அமைப்பே உள் கிராபிக்ஸை அணைத்து வைத்திருக்கும். அதைத் திறந்துவிட்டால் இரண்டையும் பயன்படுத்தலாம்.

பழைய கார்டு வாங்குவோர் மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்விடியா ஜிடி 1030இல் என்வென்க் கிடையாது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் என்கோடிங் சுற்று கிடையாது. விலை மலிவு, பெட்டி புதுசு, படமும் திரையில் அழகாக வரும்; ஆனால் நாம் வாங்கிய காரணம் நிறைவேறாது. ஜிடிஎக்ஸ் 1650 வாங்கினால் ‘சூப்பர்’ என்று பெயரில் இருப்பதைத் தேடுங்கள். முதலில் வந்த 1650இல் இருப்பது முந்தைய தலைமுறையின் என்வென்க். சூப்பரில் இருப்பதுதான் தரம் உயர்ந்த டூரிங் சுற்று.

ஏவி1 என்கோடிங் வேண்டுமென்றால் இன்டெல் ஆர்க், என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 வரிசை ஆகியவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்றும் 2022இல் வந்தவை. திருமண வேலைக்கு ஏவி1 இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பெண் வீட்டார் பென்டிரைவை எந்தத் தொலைக்காட்சியில் செருகுவார்கள் என்று நமக்குத் தெரியாது. ஹெச்264 எங்கே போட்டாலும் ஓடும்.

இன்டெல் கிராபிக்ஸில் என்ன நிறுவ வேண்டும்?

லினக்ஸில் இன்டெலும் ஏஎம்டியும் ‘விஏ-ஏபிஐ’ என்ற பொது வழியில் வேலை செய்கின்றன. பிராட்வெல் (இன்டெல் 5ஆம் தலைமுறை) செயலிகளும் அதற்குப் பிந்தையவையும் என்றால் ‘இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர்-நான்-ஃப்ரீ’ தொகுப்பை நிறுவுங்கள். பெயரின் கடைசியில் ‘நான்-ஃப்ரீ’ இல்லாத இன்னொரு தொகுப்பும் இருக்கிறது. அதில் என்கோடிங் வசதிகள் பல விடுபட்டிருக்கும். பிராட்வெல்லைவிடப் பழைய செயலிகளுக்கு ‘ஐ965’ என்ற பழைய டிரைவர்.

பிறகு ‘வைன்ஃபோ’ என்று ஒலிக்கும் கட்டளையை ஓட்டுங்கள். வி, ஏ, அதை ஒட்டி இன்ஃபோ என்று சேர்த்து எழுத வேண்டும். நீளமான பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் கோடெக்கின் (சுருக்கும் முறையின்) பெயர், வலப்பக்கம் அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது. ‘விஎல்டி’ என்று முடிந்தால் படத்தை விரித்துக் காட்ட மட்டுமே முடியும். ‘என்க்ஸ்லைஸ்’ என்று முடிந்தால் என்கோடிங்கும் முடியும். ‘என்க்ஸ்லைஸ்எல்பி’ என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும் வழி. சில புதிய சில்லுகளில் இந்த எல்பி வரி மட்டுமே இருக்கும். அப்போது, வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் கட்டளையில் ‘லோ_பவர் 1’ என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ‘பயன்படுத்தத்தக்க என்கோடிங் நுழைவு இல்லை’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டி நின்றுவிடும்.

ஏஎம்டி கார்டுக்கு?

உபுண்டு, டெபியனில் ‘மெசா-விஏ-டிரைவர்ஸ்’ போதும். பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும். ஃபெடோராவில் காப்புரிமைக் காரணமாக 2022இல் ஹெச்264, ஹெச்இவிசி இரண்டையும் மெசாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, ‘ஃப்ரீவேர்ல்ட்’ என்று முடியும் மெசா தொகுப்பை மாற்றி நிறுவ வேண்டும்.

என்விடியா டிரைவர் போட்டேன், கணினி மறுபடி தொடங்கும்போது நீலத் திரை வந்தது. பயந்து எதையோ அழுத்திவிட்டேன். இப்போது கார்டு தெரியவில்லை. என்ன செய்வது?

கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினிகளில், கையொப்பமில்லாத டிரைவரை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்காது. அதனால் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ சொல்லி, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை சுமார் 10 நொடிதான் காத்திருக்கும். அதற்குள் எந்த விசையையும் தொடாவிட்டாலும், வேறு எதையாவது தேர்ந்துவிட்டாலும் கணினி வழக்கம்போலத் தொடங்கிவிடும், டிரைவர் ஏறாது. ‘மோக்யூடில்’ கட்டளையால் அந்தச் சாவியை மறுபடி பதிவுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். நீலத் திரை இன்னொரு முறை வரும்.

உபுண்டுவில் டிரைவர் போட எளிய வழி ‘உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’. என்விடியா தளத்திலிருந்து நிறுவல் கோப்பைத் தனியாக இறக்கி ஓட்டாதீர்கள். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது ஒத்துப்போகாமல், திருமண வேலை தலைக்குமேல் இருக்கும் நாளில் கறுப்புத் திரை காட்டும். கணினியோடு தானாக வரும் ‘நூவோ’ டிரைவரில் என்வென்க் வேலை செய்யாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளை கார்டின் பெயரையும் வெப்பநிலையையும் காட்டும்.

எஃப்எஃப்எம்பெக்கில் என்கோடர் பட்டியல் கேட்டால் என்வென்க் வருகிறது. அப்படியானால் எல்லாம் தயார்தானே?

இல்லை. அந்தப் பட்டியல் மென்பொருள் எதையெல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கார்டே இல்லாத மடிக்கணினியிலும் அந்த வரி வரும். ஒரு சிறு கோப்பை மாற்றிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

என்விடியாவில் என்கோடர் பெயர் ‘ஹெச்264_என்வென்க்’. ‘பிரீசெட்’ பி1 முதல் பி7 வரை: பி1 வேகம், பி7 தரம். தொகுத்து முடித்த படத்துக்கு பி5 அல்லது பி6 வைக்கிறேன். தர எண்ணுக்கு ‘சிக்யூ’ 21 முதல் 24 வரை கொடுத்து, ‘பி:வி’ மதிப்பை 0 ஆக்குங்கள். செயலி என்கோடிங்கில் பழகிய ‘சிஆர்எஃப்’ இங்கே செல்லாது; பலர் அதைக் கொடுத்துவிட்டுப் படம் ஏன் மங்கல் என்று கேட்கிறார்கள்.

விஏ-ஏபிஐயில் என்கோடர் ‘ஹெச்264_விஏஏபிஐ’. முதலில் கருவியின் முகவரியைச் சொல்ல வேண்டும்: டெவ், டிஆர்ஐ கோப்புறைகளுக்குள் உள்ள ‘ரெண்டர்டி128’. இதில் வரும் ‘டி’ மட்டும் பெரிய எழுத்து. இரண்டு கிராபிக்ஸ் உள்ள கணினியில் நமக்கு வேண்டியது 129ஆகவும் இருக்கலாம். அடுத்து, படத்தைக் கார்டின் நினைவகத்துக்கு ஏற்றும் ‘ஃபார்மேட்=என்வி12, ஹெச்டபிள்யூஅப்லோட்’ என்ற வடிகட்டி. இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் கட்டளை ஓடாது.

வேகம் சரி. படத்தின் தரம் செயலி செய்வதுபோல் வருமா?

ஒரே கோப்பு அளவில் ஒப்பிட்டால் வராது. நிதானமான அமைப்பில் ஓடும் ‘எக்ஸ்264’ இன்றும் கார்டின் ஹெச்264ஐவிடக் குறைந்த இடத்தில் நல்ல படம் தருகிறது. அந்த வித்தியாசம் எந்தக் காட்சியில் தெரிகிறது, எதில் தெரிவதில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

என்கோடர் முந்தைய பிரேமிலிருந்து எது மாறியது என்று தேடி, மாறியதை மட்டுமே எழுதுகிறது. மண மேடையில் பின்னணி அலங்காரம் அசையாது, ஐயர் உட்கார்ந்த இடத்தில் இருப்பார், கை மட்டும் அசையும். இந்தப் படத்தைக் கார்டிடம் கொடுத்தால் செயலியின் வேலையிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். இனி அலங்காநல்லூருக்கு வாருங்கள். வாடிவாசல் திறக்கிறது, காளை பாய்கிறது, பரப்பியிருக்கும் தேங்காய் நார்த்தூள் எழும்புகிறது, பின்னால் கேலரி முழுக்க ஆள்கள் கையை வீசுகிறார்கள். பிரேமில் அசையாத இடமே இல்லை. தூசியின் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையில் போவதால் முந்தைய பிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. செயலி நேரம் எடுத்துப் பல இடங்களில் தேடும். கார்டு சட்டென்று முடிவெடுத்து அடுத்த பிரேமுக்குப் போய்விடும். பிட்ரேட்டும் (ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவு) குறைவாக இருந்தால் தூசிப்படலம் சதுரம் சதுரமாக உடைந்து, காளையின் திமில் பின்னணியோடு கரைந்துவிடும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் தோல் பையால் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்தத் துளிகளிலும் இதே சிக்கல்தான்.

இதற்கு முதல் மருந்து பிட்ரேட். யூடியூபுக்கு ஏற்றும் 1080பி படத்துக்கு 30 பிரேமில் 8 மெகாபிட், 60 பிரேமில் 12 மெகாபிட் என்று யூடியூப் பரிந்துரைக்கிறது. ஜல்லிக்கட்டு என்றால் அதற்கு மேலேயே வையுங்கள். அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகிறார்கள். நாம் கொடுக்கும் கோப்பு நன்றாக இருந்தால்தான் அங்கே மிஞ்சுவதும் நன்றாக இருக்கும். இரண்டாவது, என்வென்க்கில் ‘ஸ்பேஷியல் ஏக்யூ’, ‘லுக்அஹெட்’ ஆகியவற்றை இயக்கி, பிரீசெட்டை பி7க்கு ஏற்றுவது.

முழுப் படத்தையும் ஓட்டிச் சோதிக்க வேண்டாம். வாடிவாசல் திறக்கும் 20 நொடியை வெட்டி, செயலியில் ஒன்று, கார்டில் ஒன்று, இரண்டும் ஒரே அளவு கோப்பாக வரும்படி எடுங்கள். தூசி அடர்ந்த பிரேமில் நிறுத்தி, காளையின் கொம்பு விளிம்பையும் மாடுபிடி வீரரின் சட்டை எண்ணையும் பாருங்கள். எண் படிக்கத் தெரிகிறதா என்பது நல்ல அளவுகோல்.

கார்டு போட்ட பிறகும் கேடென்லைவ் தொகுப்பு மென்பொருளில் ரெண்டர் நேரம் அவ்வளவாகக் குறையவில்லையே?

ரெண்டர் என்பது என்கோடிங் மட்டும் இல்லை. கேமராக் கோப்பை விரிப்பது, வண்ணத் திருத்தம், காட்சி மாற்றங்கள், பெயர்ப் பட்டை, கடைசியில்தான் என்கோடிங். கேடென்லைவில் நடுவில் உள்ள வேலைகள் பெரும்பாலும் செயலியின் தலையில்தான் விழுகின்றன.

ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடுங்கள். ரெண்டர் ஓடும்போது இன்னொரு டெர்மினலில் ‘என்விடியா-எஸ்எம்ஐ டிமான்’ கட்டளையை ஓட்டினால் ‘என்க்’ என்ற தலைப்பின்கீழ் எண்கள் ஓடும். அது 10, 15 என்று கிடக்க, செயலி 100 விழுக்காட்டில் இருந்தால் காத்திருப்பது கார்டு. இன்டெலில் ‘இன்டெல்_ஜிபியு_டாப்’ கட்டளையில் ‘வீடியோ’ வரி இதையே சொல்லும். ‘என்விடாப்’ எல்லா வகைக் கார்டுக்கும் பொருந்தும்.

கேமராவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது திருமணத்துக்கு எடுத்துச் செல்லும் பல கேமராக்கள் 10 பிட், 4:2:2 வண்ணத்தில் எழுதுகின்றன. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் எதுவும் இதை விரிப்பதில்லை. செயலிதான் பிரேம் பிரேமாக விரிக்கிறது. ஹெச்இவிசி 4:2:2 என்றால் இன்டெல் 11ஆம் தலைமுறையில் வந்த எக்ஸ்இ கிராபிக்ஸே விரித்துவிடும். கார்டு வாங்கும் பணத்தில் பொருத்தமான இன்டெல் செயலி வாங்கியிருந்தால் வேலை வேகமாக முடிந்திருக்கும் என்ற நிலையில் சில ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. எடுத்த கோப்பு எந்த வகை என்று ‘எஃப்எஃப்புரோப்’ கட்டளையில் முதலில் பாருங்கள். தொகுக்கும்போது வரும் திணறலுக்கு உடனடித் தீர்வு, சிறிய நகல் கோப்புகளை வைத்து வேலை செய்யும் கேடென்லைவின் ‘பிராக்ஸி’ வசதி.

மண்டபத்திலிருந்து நேரலை தர ஓபிஎஸ் என்ற மென்பொருளை எப்படி அமைப்பது?

நேரலைதான் கார்டுக்கு உரிய களம். முகூர்த்த நேரத்தில் செயலி மூச்சுத் திணறிப் பிரேம்கள் விழுந்தால் தாலி கட்டும் கணம் வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போய்ச் சேராது. அதை மறுபடி எடுக்க முடியாது.

அமைப்பில் ‘அவுட்புட்’ பகுதிக்குப் போய் ‘அட்வான்ஸ்டு’ தேர்ந்து, என்கோடராக என்வென்க் அல்லது விஏ-ஏபிஐ வையுங்கள். நேரலைக்கு ‘சிபிஆர்’ (மாறாத பிட்ரேட்), கீஃப்ரேம் (முழுப் படமாக எழுதப்படும் பிரேம்) இடைவெளி 2 நொடி. மண்டபத்திலேயே பதிவேற்ற வேகத்தை அளந்து, அதில் பாதிக்கு மேல் பிட்ரேட் வைக்காதீர்கள். விருந்தினர் வந்து நிறைந்ததும் மொபைல் வேகம் இறங்கும், ஆகவே காலியான மண்டபத்தில் அளந்த எண்ணை நம்ப வேண்டாம். பதிவை நேரலையிலிருந்து பிரித்து, அதிகத் தரத்தில் தனியாக ஓடவிடுங்கள். கார்டுக்கு இரண்டும் ஒரு சுமை இல்லை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகளில் ஒரே நேரத்தில் ஓடும் என்கோடிங்குக்கு டிரைவரில் ஒரு வரம்பு உண்டு. முன்பு 3 ஆக இருந்ததை 2023இல் 5 ஆகவும் 2024இல் 8 ஆகவும் உயர்த்தினார்கள்.

பதிவுக் கோப்பை எம்கேவியாக வையுங்கள். சாதாரண எம்பி4இல் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் கோப்பு திறக்காது. எம்கேவியில் போனது கடைசிச் சில நொடிகளாகத்தான் இருக்கும். முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸின் ‘ரீமக்ஸ்’ வசதியில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்; தரம் குறையாது.

சித்திரை வெயிலில் கார்டு சூடேறாதா?

என்கோடிங் சுற்று எடுக்கும் மின்சாரம் குறைவு. எல்லாக் கோர்களையும் முழுமூச்சாக ஓட்டும் செயலி என்கோடிங்தான் அறையைக் கொதிக்க வைக்கும். 40 டிகிரி தாண்டும் மதுரைக் கோடையில், யுபிஎஸ்ஸில் ஓடும் கணினிக்குக் கார்டு வழியே பாதுகாப்பு. விசிறிகளில் தூசியை மட்டும் துடைத்து வையுங்கள்.

பிழைச் செய்தி வந்தால் எங்கே தொடங்குவது?

‘லிப்என்விடியா-என்கோடு’ கோப்பை ஏற்ற முடியவில்லை என்றால், டிரைவரின் அந்தப் பகுதி நிறுவப்படவில்லை. டிரைவரின் அதே பதிப்பு எண்ணுள்ள தொகுப்பைப் போடுங்கள். ‘தேவையான என்வென்க் ஏபிஐ பதிப்பு இல்லை’ என்றால் எஃப்எஃப்எம்பெக் புதிது, டிரைவர் பழையது. ‘தகுதியான கருவி இல்லை’ என்று வந்தால் பெரும்பாலும் 10 பிட் படத்தை ஹெச்264க்கு அனுப்பியிருப்பீர்கள். ‘ஒய்யுவி420பி’ வண்ண வடிவத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஹெச்இவிசி தேருங்கள். என்கோடிங் அமர்வு திறக்கும்போது ‘அவுட் ஆஃப் மெமரி’ என்றால், மேலே சொன்ன வரம்பைத் தாண்டியிருக்கலாம். விஏ-ஏபிஐயில் அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனர் பெயரை ‘ரெண்டர்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

கணினியைத் தூங்கவைத்து எழுப்பிய பிறகு மட்டும் என்விடியா வேலை செய்யவில்லையா? ‘என்விடியா_யுவிஎம்’ என்ற கெர்னல் பகுதியை நீக்கி மறுபடி ஏற்றினால் சரியாகும். ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய ஓபிஎஸ்ஸில் என்வென்க் காணாமல்போனால் ஃபிளாட்பேக்கையும் புதுப்பியுங்கள். அதற்குள் இருக்கும் என்விடியா பகுதி கணினியின் டிரைவர் எண்ணோடு பொருந்த வேண்டும்.

பழைய விஎச்எஸ் திருமணக் கேசட்டுகளை மாற்றித் தரக் கேட்கிறார்கள். அதற்கும் கார்டு போதுமா?

இதற்குச் செயலியையே பயன்படுத்துங்கள். அந்தக் கேசட்டுகளில் படம் ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் ஒரு முறை என்று நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிந்திருக்கிறது. டூரிங் முதலான என்விடியா கார்டுகள் இந்த வகைப் படத்தை அப்படியே என்கோடிங் செய்வதில்லை. பிடித்த கோப்பை ‘பிடபிள்யூடிஃப்’ வடிகட்டியில் 50 முழு பிரேமாக்கி, எக்ஸ்264இல் ‘ஸ்லோ’ பிரீசெட், சிஆர்எஃப் 17 அல்லது 18 வைத்து எடுங்கள். நாடாவின் புள்ளி இரைச்சலும் ஜல்லிக்கட்டுத் தூசியைப் போலவே எங்கும் அசைந்துகொண்டிருக்கும். கார்டு அதில் தடுமாறும். படம் சிறியது என்பதால் சாதாரணச் செயலியிலேயே நல்ல வேகத்தில் ஓடும். பிடித்த மூலக் கோப்பையும் சுருக்காமல், அல்லது ‘எஃப்எஃப்வி1’ வடிவத்தில், தனி வட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.